வேலியே பயிரை மேய்ந்தால்: குருதிக் குழாய்களை இறுக்கும் ஓமோனின் கதை

நோய்களுட் பெரும்பாலானவை தம் வரவைத் தாமே அறிவிக்கும் இயல்பின. காய்ச்சல் உடலைச் சுடும். பல்வலி உறக்கத்தைக் கெடுக்கும். வயிற்றுநோவு மனிதனைச் சுருட்டிப் படுக்கவைக்கும். அறிவிப்பு வந்ததும் நாம் வைத்தியரை நாடுகின்றோம். நோவு நீங்கியதும் மருந்தை நிறுத்திவிடுகின்றோம். இது தலைமுறை தலைமுறையாக எம்மிடம் ஊறிய பழக்கம். ஆயின், இப்பழக்கத்துக்குச் சற்றும் அடங்காத நோய் ஒன்று உண்டு. பொதுமக்கள் 'பிறசர்' என்று வழங்கும் உயர் குருதியமுக்கமே அது.

இந்நோய் கண்டவர் வாழும் இல்லங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்றை வாசகர் பலரும் கேட்டிருப்பர். "எனக்குத் தலையிடியும் இல்லை, தலைச்சுற்றும் இல்லை. நன்றாகத்தானே நடமாடுகிறேன். பின் ஏன் நாள்தோறும் இந்தக் குளிசை?" வீட்டுப் பெரியவர் இவ்வாறு கேட்கும்போது மனைவி மக்கள் விடை கூற அறியாது விழிக்கின்றனர். 'வைத்தியர் சொன்னார்' என்பதும் ஒரு விடைதான். ஆனால் அறிவுக்கு நிறைவு தரும் விடையன்று. சில மாதங்களிற் குளிசைப் பொதி அலுமாரியின் மூலையிலே தூசு படிந்து கிடக்கும். பின்னொரு நாள் விடியற்காலையில், ஒரு பக்கத்துக் கைகால் வழங்காது, வாய் கோணி, பாரிசவாதம் என்னும் பெயரோடு அந்நோய் தன் முகத்தைக் காட்டும்.

பெரியவரின் வினா தவறான வினா அன்று. அதற்குத் தக்க விடையும் உண்டு. அவ்விடை, எமது உடலினுள்ளே ஒவ்வொரு நிமிடமும் உருவாகும் ஒரு நுண்பொருளின் வரலாற்றில் அடங்கியுள்ளது. குருதிக் குழாய்களை இறுக்கும் ஓமோன் அது. அதனைக் கண்டறிந்த கதையிலே முயலும் நாயும் வருகின்றன. தென்னமெரிக்கக் காட்டுப் பாம்பொன்றும் வருகின்றது. அக்கதையை இங்கே ஒருவாறு கூற முயல்வோம்.

குழாயும் அமுக்கமும்

இருதயம் நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் குருதியை உடலெங்கும் செலுத்துகின்றது. இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி பல கிளைகளாகப் பிரிந்து, அக்கிளைகள் மேலும் பிரிந்து, ஈற்றில் மயிரினும் நுண்ணிய குழாய்களாகின்றன. அந்நுண்குழாய்களுக்கு முன்னதாக அமைந்த சிறுநாடிகளே எமது கதைக்கு முக்கியமானவை. அவற்றின் சுவரில் வளையம்போலத் தசைநார்கள் சூழ்ந்துள்ளன. அத்தசை சுருங்கினால் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் அகலும். எந்த உறுப்புக்கு எவ்வளவு குருதி செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மடைகள் இவையே.

தோட்டத்திற்கு நீரிறைப்போர் ஒன்றை அறிவர். வாய்க்கால்களின் மடைகளைச் சிறிது அடைத்தால், தலைவாய்க்காலில் நீர் உயர்ந்து நிற்கும். உடலிலும் அவ்வாறே. சிறுநாடிகள் ஒடுங்கும்போது பெருநாடிகளில் அமுக்கம் ஏறுகின்றது. இதில் வியப்புக்குரிய கணக்கொன்றும் உண்டு. குழாயின் ஆரை பாதியாகக் குறைந்தால், அதே அமுக்கத்தில் அதனூடாகச் செல்லும் திரவம் பாதியாகக் குறைவதன்று; பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 19 ஆம் நூற்றாண்டிலே பிரான்சிய வைத்தியர் பொய்சேய் நிறுவிய விதி இது. ஆகவே, குழாயை மயிரிழை அளவு இறுக்கினாலும் அமுக்கத்தில் அதன் விளைவு பெரிதாகும். இவ்வாறு இறுக்கும் ஆற்றல் படைத்த ஓமோன்களுள் தலையாயது 'அஞ்சியோதென்சின்' என்பது.

ஓமோன் என்பது உடலில் ஓரிடத்தில் உண்டாகிக் குருதி வழியே சென்று வேறோரிடத்தில் வேலைசெய்யும் தூதுப்பொருள். அஞ்சியோதென்சின், பெப்டைட்டு என்னும் இனத்தைச் சேர்ந்தது. அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரமே பெப்டைட்டு ஆகும். நாம் உண்ணும் மீனிலும் பருப்பிலும் உள்ள புரதங்கள் நூற்றுக்கணக்கான மணிகள் கொண்ட நீண்ட சரங்கள். குருதிக் குழாயை இறுக்கும் இந்த ஓமோனோ எட்டே மணிகள் கொண்ட சிறு சரம். அவ்வெட்டு மணிகள் ஒரு மனிதனின் வாழ்நாளை நீட்டவும் குறுக்கவும் வல்லவை.

முயலின் சிறுநீரகம்

சிறுநீரகத்துக்கும் குருதியோட்டத்துக்கும் தொடர்பு உண்டென்ற ஐயம் பழையது. 1836 ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரின் கைஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைற் என்னும் வைத்தியர், சிறுநீரக நோயால் இறந்தோர் பலரின் இருதயம் பருத்திருந்ததைக் கண்டு எழுதினார். அக்காலத்திலே குருதியமுக்கத்தை அளக்கும் கருவி வைத்தியர் கையில் இல்லை. சிறுநீரகம் கெட்டால் இருதயம் ஏன் பருக்கவேண்டும் என்பது புதிராகவே நின்றது.

அறுபது ஆண்டுகளின் பின், சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்ரொக்ஹோமிலே, கரோலின்ஸ்கா நிலையத்திற் பேராசிரியராக விளங்கிய ரொபேட் திகர்ஸ்டெட் இப்புதிரைத் தொட்டார். பின்லாந்திற் பிறந்தவர் அவர். பேர் பேர்க்மன் என்னும் மாணவரைத் துணையாகக் கொண்டு, முயலின் சிறுநீரகத்தை அரைத்து வடித்த சாற்றை இன்னொரு முயலின் நாளத்திற் செலுத்தினார். அமுக்கம் ஏறியது. சிறுநீரகத்தின் புறப்பகுதியை மட்டும் அரைத்துப் பார்த்தார், அப்போதும் ஏறியது. உட்பகுதியை அரைத்தபோது ஏறவில்லை. சிறுநீரகத்தின் புறப்பகுதியிலே ஏதோ ஒரு பொருள் உள்ளது என்று துணிந்து, அதற்கு 'இரெனின்' என்று பெயரிட்டார். ஆய்வு வெளிவந்த ஆண்டு 1898.

கண்டுபிடிப்புகளுக்கும் ஊழ் உண்டு போலும். திகர்ஸ்டெட் பின்னர் ஹெல்சிங்கிக்குச் சென்று வேறு ஆய்வுகளில் ஈடுபட்டார். பேர்க்மனும் இவ்வாராய்ச்சியைத் தொடரவில்லை. அதனை மீண்டும் செய்து பார்த்த சிலர் ஒருவாறான பயனும் காணாது கைவிட்டனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இரெனின் என்னும் பெயர் நூலகத் தூசியிலே உறங்கியது.

வெள்ளிக் கவ்வி

அதனைத் துயிலெழுப்பியவர் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரத்து நோயியல் அறிஞர் ஹரி கோல்ட்பிளாட். இறந்தோரின் உடல்களைச் சோதிக்கும்போது, உயர் குருதியமுக்கம் கொண்டிருந்தவர்களின் சிறுநீரக நாடிகள் தடித்து ஒடுங்கியிருந்ததை அவர் பலமுறை கண்டார். அமுக்கத்தால் நாடி ஒடுங்கிற்று என்பதே பலரின் கருத்து. கோல்ட்பிளாட் அதனைத் தலைகீழாக எண்ணிப் பார்த்தார். நாடி ஒடுங்கியதால் அமுக்கம் ஏறியிருக்கலாகாதா?

சிறுநீரக நாடியைச் சிறிது மட்டும் இறுக்கக்கூடிய வெள்ளிக் கவ்வி ஒன்றை ஆக்கி, நாய்களின் சிறுநீரக நாடியிற் பூட்டினார். குருதியோட்டம் முற்றாக அடைபடவில்லை, குறைந்தது மட்டுமே. நாய்களின் குருதியமுக்கம் ஏறி, ஏறியபடியே நின்றது. 1934 ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியானதும் அறிஞர் உலகம் விழித்துக்கொண்டது. குருதி போதாத சிறுநீரகம் ஏதோ ஒரு பொருளைக் குருதியிற் கலக்கின்றது என்றால், திகர்ஸ்டெட்டின் இரெனின் அதுதானோ என்று பழைய நூல்களைப் புரட்டத் தொடங்கினர்.

ஒரு பிள்ளைக்கு இரு பெயர்

விடை ஒரே வேளையில் இரு நாடுகளிற் பிறந்தது. ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் எடுவார்டோ பிறவுன் மெனெண்டஸும் அவருடைய தோழர்களும், அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் ஏர்வின் பேஜ் என்பாரின் குழுவினரும், ஒருவர் வேலையை ஒருவர் அறியாது ஒரே முடிவுக்கு வந்தனர். இரெனின் தானாகக் குழாயை இறுக்குவதில்லை. அது கத்தரிக்கோல் போன்ற ஒரு நொதியம். குருதியில் முன்னரே மிதந்து திரியும் ஒரு புரதத்திலிருந்து அது ஒரு துண்டை நறுக்குகின்றது. அந்தத் துண்டே குழாயை இறுக்கும் பொருள். ஆர்ஜென்ரீனர் அதற்கு 'ஹைப்பர்டென்சின்' என்று பெயரிட்டனர். அமெரிக்கர் 'அஞ்சியோதோனின்' என்றனர்.

ஒரே பொருளுக்கு இரு பெயர் வழங்கிய குழப்பம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. ஈற்றில் 1958 ஆம் ஆண்டில் பிறவுன் மெனெண்டஸும் பேஜும் கூடிப் பேசி, ஒருவர் பெயரின் தலையையும் மற்றவர் பெயரின் வாலையும் இணைத்து 'அஞ்சியோதென்சின்' என்று வழங்க உடன்பட்டனர். புகழுக்காகப் போரிடும் உலகிலே இத்தகைய பெருந்தன்மை போற்றத்தக்கது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே பிறவுன் மெனெண்டஸ் விமான விபத்தொன்றிற் காலமானார்; அவர் உடன்பட்ட பெயர் நிலைத்துவிட்டது.

இதற்கிடையே 1950களில், கிளீவ்லண்ட் நகரத்திலேயே, லெனாட் ஸ்கெக்ஸ் என்பார் இன்னுமொரு நுட்பத்தைக் கண்டார். இரெனின் நறுக்கித் தரும் துண்டிலே பத்து மணிகள் உள்ளன. அதற்குக் குழாயை இறுக்கும் ஆற்றல் பெரிதாக இல்லை. வேறொரு நொதியம் அதன் கடைசி இரு மணிகளைக் கழற்றிய பின்னரே எட்டு மணிகள் கொண்ட ஆற்றல்மிக்க ஓமோன் பிறக்கின்றது. இவ்விரண்டாம் கத்தரிக்கோலுக்கு 'மாற்றும் நொதியம்' என்று பெயர். அது பெரிதும் நுரையீரலின் குருதிக் குழாய்ச் சுவர்களில் வேலைசெய்கின்றது என்பது 1960களில் தெளிவாயிற்று. பிற்காலத்து மருந்துகள் குறிவைத்தது இக்கத்தரிக்கோலையே என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

காவலனின் கடமை

இத்தனை சுற்றுவழியான ஏற்பாடு உடலுக்கு எதற்காக? வயலில் வேலைசெய்யும் ஒருவரின் காலிலே மண்வெட்டி ஆழமாகப் பாய்ந்து குருதி பெருகுகின்றதென்று கொள்வோம். குருதி குறைய அமுக்கம் விழுகின்றது. மூளைக்கும் இருதயத்துக்கும் குருதி போதாவிடின் சில நிமிடங்களில் உயிர் பிரியும். அவ்வேளையில் முதலில் விழித்துக்கொள்ளும் காவலாளிகளுள் ஒன்று சிறுநீரகம். இருதயம் செலுத்தும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அதனூடாகவே செல்வதால், அமுக்கத்தின் ஏற்றத்தாழ்வை அது நொடியில் உணர்கின்றது. உடனே இரெனின் வெளிப்படுகின்றது. ஈரலில் உண்டாகிக் குருதியில் மிதக்கும் புரதம் நறுக்கப்படுகின்றது. நுரையீரலைக் கடக்கையில் இரு மணிகள் கழல்கின்றன. அஞ்சியோதென்சின் பிறந்துவிட்டது.

அது உடனே சிறுநாடிகளை இறுக்கி, விழுந்த அமுக்கத்தைத் தூக்கி நிறுத்துகின்றது. அத்தோடு அமையாது, சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பியைத் தூண்டி, அல்டோஸ்தெரோன் என்னும் மற்றோர் ஓமோனைச் சுரக்கச் செய்கின்றது. அல்டோஸ்தெரோன் சிறுநீரில் உப்பு வீணாகாது தடுக்கும். உப்போடு நீரும் உடலில் நிற்கும். மூளையைத் தூண்டித் தாகத்தையும் உண்டாக்குகின்றது. குருதி இழந்தவர் தண்ணீர் தண்ணீர் என்று தவிப்பதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. குழாயை இறுக்குதல், உப்பைக் காத்தல், நீரை வேண்டல் ஆகிய மூன்றையும் எட்டு மணிச் சரம் ஒன்று ஒரே வேளையிற் செய்துமுடிக்கின்றது. பின் ஓரிரு நிமிடங்களுக்குள் தானும் சிதைந்து மறைகின்றது.

இக்காவலனின் ஆற்றலை வைத்தியர்கள் நேரடியாகவும் பயன்படுத்துகின்றனர். கிருமி நஞ்சு குருதியிற் பரவி அமுக்கம் பாதாளத்துக்கு விழும் நிலையில், ஏனைய மருந்துகளோடு சேர்த்துச் செலுத்துவதற்கென அஞ்சியோதென்சினையே மருந்தாக்கி 2017 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதித்தனர்.

உப்பு அரிதாக இருந்த தொல்காலத்திலே இந்த ஏற்பாடு மனித குலத்தைக் காத்து நின்றது என்பதற்கு இன்றும் சான்று உண்டு. பிரேசில், வெனிசுவேலா நாடுகளின் காடுகளில் வாழும் யனோமாமி மக்கள் உணவில் உப்புச் சேர்ப்பதில்லை. அவர்களின் குருதியில் இரெனின் மிகுந்துள்ளது. ஆயினும் அமுக்கம் மிகக் குறைவு. 1988 ஆம் ஆண்டில் 32 நாடுகளின் 52 இடங்களில் நடாத்திய ஆய்வொன்றில், அவர்களின் சராசரி அமுக்கம் ஏறத்தாழ 95க்கு 61 என்று கணிக்கப்பட்டது. வயது ஏறினும் அவர்களுக்கு அமுக்கம் ஏறுவதில்லை. உப்பில்லா வாழ்வில் ஓமோன் காவலனாகவே நிற்கின்றது.

வேலி பயிரை மேயும் வேளை

எமது வாழ்வோ அவ்வாறில்லை. சோற்றிலும் குழம்பிலும் உப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், பொரித்த மோர்மிளகாய், கருவாடு. கடையில் வாங்கும் பாணிலும் மிக்சரிலும்கூட உப்பு மறைந்திருக்கின்றது. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்ற பழமொழியை நாம் மறந்தாலும் நாக்கு மறப்பதில்லை. உப்பு மிகும்போது இரெனின் அடங்கவேண்டும் என்பது இயற்கையின் நியதி. ஆனால் வயது ஏறிக் குழாய்கள் தடித்து, சிறுநீரகம் தேய்ந்து, உடல் பருத்து, நீரிழிவும் சேர்ந்த நிலையில், பலரிடம் அந்த அடக்கம் கெட்டுவிடுகின்றது. கோல்ட்பிளாட்டின் நாய்களைப்போல, குருதி போதவில்லை என்று தவறாக உணரும் சிறுநீரகம் ஓயாது இரெனினை அனுப்பிக்கொண்டிருக்கும்.

உயர் குருதியமுக்கம் கொண்ட எல்லாருக்கும் இவ்வோமோனே காரணம் என்று கொள்ளலாகாது. பரம்பரை, உப்பு, உடற்பருமன், வயது எனக் காரணங்கள் பலவாய்ப் பின்னிக் கிடக்கின்றன. எனினும், அப்பின்னலிலே அஞ்சியோதென்சின் ஒரு முக்கிய இழை என்பதில் ஐயமில்லை.

அதன் தீங்கு அமுக்கத்தை ஏற்றுவதோடு நில்லாது. ஆண்டுக்கணக்கில் ஓயாது தூண்டப்படும் நாடிச்சுவர் தடித்து விறைக்கின்றது. இருதயத்தசை பருத்து, பின்னர் நார்பற்றித் தளர்கின்றது. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் தழும்பேறி அழிகின்றன. ரிச்சர்ட் பிரைற் கண்ட பருத்த இருதயத்தின் மறைபொருள் இங்கே விளங்குகின்றது. குருதி பெருகும்போது உயிர் காத்த அதே காவலன், குருதி பெருகாத வேளையிலும் வாளை உறையிலிடாது சுழற்றிக்கொண்டிருக்கின்றான். வேலியே பயிரை மேய்வது இதுதான்.

இவற்றுள் ஒன்றேனும் வலிப்பதில்லை. நாடிச்சுவர் தடிக்கும்போது அது எம்மிடம் முறையிடுவதில்லை. உலகிலே 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு உயர் குருதியமுக்கம் உண்டென்றும், அவருட் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியார் என்றும் உலக சுகாதார தாபனம் 2021 ஆம் ஆண்டில் அறிவித்தது. 'எனக்கு ஒன்றுமே தெரியவில்லை' என்ற பெரியவரின் கூற்று உண்மைதான். ஒன்றும் தெரியாமையே இந்நோயின் இலக்கணம்.

பாம்பு தந்த பாடம்

இக்காவலனின் கையை எவ்வாறு பிடித்து நிறுத்துவது? வழிகாட்டியது ஒரு பாம்பு. பிரேசில் நாட்டில் 'ஜரராக்கா' என்று வழங்கும் அப்பாம்பு, எமது நாட்டுப் புடையனைப்போல விரியன் குலத்தது. அதனால் தீண்டப்பட்டவரின் குருதியமுக்கம் சடுதியாக வீழ்ந்துவிடும். 1949 ஆம் ஆண்டில் மௌரிசியோ ரோஷா ஈ சில்வா என்னும் பிரேசில் அறிஞரும் அவருடைய தோழர்களும், இந்நஞ்சு பட்டதும் குருதியிலே குழாய்களை அகலச் செய்யும் ஒரு பெப்டைட்டு பிறப்பதைக் கண்டு, அதற்குப் 'பிரடிகைனின்' என்று பெயரிட்டனர். குழாயை இறுக்கும் அஞ்சியோதென்சினுக்கு இது நேர் எதிரி.

அவருடைய மாணவரான செர்ஜியோ பெரெய்ரா 1965 ஆம் ஆண்டில் மேலும் ஒன்றைக் கண்டார். அதே நஞ்சிலே, பிரடிகைனின் சிதையாது காக்கும் வேறு சிறு பெப்டைட்டுகளும் இருந்தன. நஞ்சின் சத்தோடு அவர் இலண்டனுக்குச் சென்று, ஜோன் வேன் என்பாரின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அங்கே உண்மை வெளியாயிற்று. பாம்பின் பெப்டைட்டு, ஸ்கெக்ஸ் கண்ட 'மாற்றும் நொதிய'த்தைச் செயலற்றதாக்கியது! பிரடிகைனினைச் சிதைப்பதும் அஞ்சியோதென்சினை ஆக்குவதும் ஒரே கத்தரிக்கோல்தான் என்பது தெரியவந்தது. நன்மை செய்வதை அழித்து, இறுக்குவதை ஆக்கும் அக்கத்தரிக்கோலின் வாயைப் பாம்பின் நஞ்சு கட்டிவிட்டது.

ஆயின், நஞ்சிற் கிடைத்த பெப்டைட்டை ஊசி மூலமே செலுத்த இயலும். விழுங்கினால் உணவைப்போலச் சீரணமாகிவிடும். நாள்தோறும் உண்ணவேண்டிய மருந்துக்கு அது ஏலாது. அமெரிக்காவின் ஸ்குயிப் மருந்து நிறுவனத்திற் பணியாற்றிய டேவிட் குஷ்மன், மிகுவேல் ஒண்டெற்றி என்னும் இருவர் இம்முடிச்சை அவிழ்த்தனர். ஒண்டெற்றி, இரெனினின் புதிர் அவிழ்ந்த அதே புவனஸ் அயர்ஸிற் பிறந்தவர். கத்தரிக்கோலின் வாய் எவ்வடிவினதாக இருக்கும் என்று ஊகித்து, அவ்வாய்க்குப் பொருந்தும் சிறு இரசாயனப் பொருளொன்றை அவர்கள் அளந்து செதுக்கினர். 'கப்டோபிரில்' என்னும் அம்மருந்து 1975 ஆம் ஆண்டில் உருவாகி, 1981 இல் அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது. குளிசையிலே பாம்பின் நஞ்சு துளியும் இல்லை என்பதை அஞ்சுவோர் அறிக. நஞ்சு தந்த அறிவு மட்டுமே அதில் உண்டு.

பின்னர் எனலாபிரில் முதலியன வந்தன. 1995 ஆம் ஆண்டில் வந்த லொசாட்டன் மற்றொரு வழியைக் கைக்கொண்டது. அது கத்தரிக்கோலைக் கட்டுவதில்லை. பிறந்த அஞ்சியோதென்சின் நாடிச்சுவரில் ஒட்டிக்கொள்ளும் இடத்தைத் தான் முன்னரே பிடித்துக்கொள்கின்றது. திறப்பு உண்டு, பூட்டின் துவாரம் அடைபட்டது என்பதுபோல.

இவை அமுக்கத்தைக் குறைப்பதற்கும் அப்பாற் பயன்பட்டன. 1987 ஆம் ஆண்டில், சுவீடன், நோர்வே, பின்லாந்து ஆகிய நாடுகளில், இருதயம் கடுமையாகத் தளர்ந்த 253 நோயாளரிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. ஆறு மாதங்களில், எனலாபிரில் பெறாதோரில் நூற்றுக்கு 44 பேர் இறந்தனர். பெற்றோரில் நூற்றுக்கு 26 பேர். இளமையிலேயே நீரிழிவு கண்டு சிறுநீரகமும் பழுதடைந்தோரிடையே, இறப்பு, குருதிச் சுத்திகரிப்பு, மாற்றுச் சிறுநீரகம் என்பவற்றுக்கு ஆளாகும் அபாயத்தைக் கப்டோபிரில் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்பதை 1993 ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது.

உடன்பிறந்தார் இருவர்

குழாயை இறுக்கும் தொழிலில் அஞ்சியோதென்சின் தனித்ததன்று. மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பியிலிருந்து வெளிப்படும் வாசோபிரெசின் ஒன்பது மணிகள் கொண்டது. சிறுநீரை அடக்கி நீரைக் காப்பது அதன் நாளாந்தத் தொழில். குருதி இழப்பின்போது குழாயையும் இறுக்கும். அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டிய அமெரிக்க இரசாயன அறிஞர் வின்சன்ட் டு விக்னோ 1955 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். மற்றது எண்டோதெலின். 1988 ஆம் ஆண்டில் யப்பானின் சுகுபா சர்வகலாசாலையில் மசாஷி யனகிசாவா முதலியோர், பன்றியின் பெருநாடியின் உட்படைக் கலங்களிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். 21 மணிகள் கொண்ட அது, குழாயை இறுக்குவதில் மிகக் கடுமையானது. அதன் அமைப்பு, மத்திய கிழக்கில் வாழும் ஒரு வளைப்பாம்பின் நஞ்சோடு பெரிதும் ஒத்திருந்தது! எம்முள்ளே சுரப்பதும் பாம்பின் பல்லில் ஊறுவதும் ஒரே வார்ப்பினவாக இருத்தலை எண்ணும்போது, அமுதுக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள வேலி அளவு ஒன்றே என்பது புலனாகின்றது.

இல்லத்துக்குரிய செய்தி

இனி, பெரியவரின் வினாவுக்கு விடை கூறலாம். "ஐயா, உங்கள் சிறுநீரகம் இன்று காலையிலும் இரெனினை அனுப்பியது, நாளைக்கும் அனுப்பும். நேற்று விழுங்கிய குளிசை நேற்றைய கத்தரிக்கோலையே கட்டியது. அதன் ஆற்றல் ஏறத்தாழ ஒரு நாளில் அடங்கிவிடும். உங்களுக்கு ஒன்றும் தெரியாதிருப்பது நோய் நீங்கியதால் அன்று. ஒருவேளை அந்தக் குளிசை வேலை செய்வதாலேயே அமுக்கம் சீராக இருக்கலாம். காவலன் சற்றே கண்ணயர்ந்தால் கள்வன் போய்விட்டான் என்று பொருளாகாது." இவ்வாறு அன்போடு எடுத்துரைத்தால், 'வைத்தியர் சொன்னார்' என்பதிலும் அது ஆழப் பதியும்.

குளிசையோடு சில எச்சரிக்கைகளும் வேண்டும். மாற்றும் நொதியத்தைக் கட்டும் மருந்துகளால் சிலருக்கு வறட்டு இருமல் உண்டாகும். முன்னர்க் கூறிய பிரடிகைனின் சிதையாது தேங்குவதே அதற்குக் காரணம் என்று கருதுவர். அதனால் மருந்தையே தானாக நிறுத்தலாகாது. வைத்தியரிடம் கூறினால் லொசாட்டன் போன்ற வேறொன்றைத் தருவார். முகம், உதடு, நாக்கு வீங்கினால் மட்டும் தாமதமின்றி வைத்தியசாலைக்கு விரையவேண்டும். கருவுற்ற தாய்மாருக்கு இவ்வினத்து மருந்துகள் ஆகா. சிசுவுக்குத் தீங்கு செய்வன. வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டு உடல் நீரிழந்த வேளையில் குளிசையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை வைத்தியரிடம் கேட்டறிக. சிறுநீரகம் பழுதடைந்தோர் இம்மருந்தை உண்ணுங்கால் குருதியிற் பொற்றாசியம் ஏறக்கூடும். ஆகவே இளநீரையும் வாழைப்பழத்தையும் தாராளமாக உட்கொள்ளுமுன் அவர்கள் வைத்தியரின் கருத்தை அறிதல் நன்று.

உப்பைப் பொறுத்தவரை, வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள், அமைதல் வேண்டும் என்பது உலக சுகாதார தாபனத்தின் அறிவுரை. சமையலில் இட்டது, கருவாட்டில் உள்ளது, கடைப்பண்டத்தில் மறைந்தது எல்லாம் அதனுள் அடங்கவேண்டும். இவ்விடயத்தில் அடுப்படியை ஆளும் இல்லத்தரசியின் கை, வைத்தியரின் பேனாவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. சோற்றை உப்பின்றி வடித்தல், உப்புப் போத்தலை உணவு மேசையிலிருந்து அகற்றுதல், புளியாலும் தேசிக்காயாலும் மிளகாலும் சுவையூட்டுதல் ஆகிய சிறு மாற்றங்கள் போதும். சில கிழமைகளில் நாக்கு பழகிக்கொள்ளும். நாற்பது வயதைக் கடந்த யாவரும், நோவு இருப்பினும் இல்லாவிடினும், ஆண்டுக்கொருமுறையேனும் அமுக்கத்தை அளப்பித்தல் நலம். மீண்டும் மீண்டும் அளந்தும் 140க்கு 90 என்ற எல்லையை அது எட்டி நின்றால், கவனிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

ஸ்ரொக்ஹோமில் ஒரு முயலில் தொடங்கிய தேடல், ஒரு குளிசையாக எம் அலுமாரியை வந்தடைய எண்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் சென்றன. அலுமாரியிலிருந்து அது வாயைச் சென்றடைய வேண்டியது ஒரு சாண் தூரமே. அந்த ஒரு சாணை நாள்தோறும் கடப்பிப்பது விஞ்ஞானியின் கையில் இல்லை. வைத்தியரின் கையிலும் இல்லை. காலைத் தேநீரோடு குளிசையையும் நீட்டி, 'அப்பா, இதைப் போட்டாயிற்றா?' என்று கேட்கும் பிள்ளையின் கையிலேயே உள்ளது.